சும்மா இருக்கும்போதுதான் போகுது

ஆபீஸ்ல ஆணி அதிகம், அதனால இந்தப் பக்கம் தலை காட்டி ரொம்ப நாளாச்சு. எழுத மேட்டர் இல்லாம இல்ல. ஒண்ணு இருந்துச்சு, தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன். ஏன்னா அதுல தப்பு என் பேர்ல. வீட்டுல அந்த லேப்டாப் பேச்சு வந்தாலே தண்ணி குடிக்கப் போற மாதிரி எழுந்து போயிடுவேன்.

நடந்தது 2024 ஆகஸ்டுல. இடம் திருவொற்றியூர் காலடிப்பேட்டை, எங்க வீடு. மாட்டிக்கிட்டது என் தங்கச்சி.

அதுக்கு முன்னாடி கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். நான் பன்னெண்டாவது படிச்சப்ப அரசு லேப்டாப் கொடுத்தாங்க. 2011ல ஆரம்பிச்ச திட்டம், எங்க பேட்ச்சுக்கு 2014ல வந்துச்சு. அதுல பாஸ் லினக்ஸ் இருந்துச்சு. பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்ங்கறதோட சுருக்கம், சென்னை சி-டாக்ல டெபியனை அடிப்படையா வச்சு செஞ்சது. வகுப்புல பாதிப்பேர் முதல் வாரமே அதை அழிச்சுட்டு விண்டோஸ் மட்டும் வச்சுக்கிட்டாங்க. நான் அழிக்கல. கொள்கையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க, அழிக்கத் தெரியல. ரெண்டு மாசத்துல ஒரு பென்டிரைவ் வைரஸ் வந்து விண்டோஸ் படுத்துருச்சு, பாஸ் மட்டும் ஓடுச்சு. அதுலயே நோண்டி நோண்டி கத்துக்கிட்டதுதான் இன்னிக்கு எனக்கு சோறு போடுது. இன்ஜினியரிங் படிக்கும்போது ஐஐடியில நடக்குற சென்னை லினக்ஸ் பயனர் குழு கூட்டத்துக்கு ரெண்டு தடவை பஸ் மாறிப் போய் கடைசி வரிசைல உக்காந்துட்டு வந்திருக்கேன். அப்புறம் கேக்கணுமா, கால் தரையில நிக்கல. யார் பொட்டியப் பாத்தாலும் "லினக்ஸ் போட்டுத் தரவா?"ன்னு கேக்குற வியாதி வந்துருச்சு.

அந்த வியாதிக்கு வீட்டுல கிடைச்ச பலி தங்கச்சி. 2020 டிசம்பர்ல, ஆன்லைன் கிளாஸ் காலத்துல, அவளுக்கு ஒரு மலிவு லேப்டாப் வாங்கினோம். உபுண்டு 20.04 போட்டேன். எல்லாம் வேலை செஞ்சுது, வைஃபை தவிர.

இங்க ஒரு சின்ன விளக்கம், தெரிஞ்சவங்க அடுத்த பத்திக்குத் தாவிடலாம். வைஃபை சிப்பு வேலை செய்ய டிரைவர் வேணும். லினக்ஸ்ல பெரும்பாலான டிரைவர் கர்னலுக்குள்ளயே இருக்கும். சிப்பு கம்பெனிங்க லினக்ஸைக் கண்டுக்காத காலத்துல நம்ம சீனியருங்க விண்டோஸ் டிரைவரையே என்டிஸ்ராப்பர்னு ஒண்ண வச்சு லினக்ஸ்ல ஏமாத்தி ஓட்டியிருக்காங்க. 2010 செப்டம்பர்ல பிராட்காம் தன்னோட சில சிப்புங்களுக்கு டிரைவரைத் திறந்து கொடுத்தது அப்போ பெரிய செய்தி. தங்கச்சி லேப்டாப்ல இருந்தது மலிவு லேப்டாப்புங்கள்ல பரவலா இருக்குற வேற ஒரு சிப்பு. அதுக்கான டிரைவர் 2020 அக்டோபர்ல வந்த 5.9 கர்னல்லதான் உள்ள சேர்ந்துச்சு. நான் போட்ட உபுண்டுல இருந்தது 5.4. அதனால வெளியில ஒரு புண்ணியவான் பராமரிச்ச டிரைவரை, மொபைலை யுஎஸ்பியில மாட்டி நெட்டை எடுத்து, இறக்கிப் போட்டேன்.

வெளி டிரைவர்ல ஒரு தொல்லை உண்டு. அது அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி. கர்னல் மாறினா அளவு மாறும், திரும்பத் தைக்கணும். அந்த வேலைய தானா செய்ய டிகேஎம்எஸ்னு ஒரு தையல்காரர் உண்டு. கர்னல் மாறும்போதெல்லாம் உக்காந்து பிரிச்சுத் தைப்பாரு. அளவு ரொம்ப மாறிப் போச்சுன்னா மட்டும் "என்னால முடியாதுப்பா"ன்னு திரையில நாலு வரி எழுதிட்டுப் போயிடுவாரு. அந்த நாலு வரியை நாம படிக்கணும்.

நான் படிக்கல.

உபுண்டு 22.04க்கு நடுவுல மாத்தியிருந்தேன். அது 5.15 கர்னலோட வந்தது. ஆனா டெஸ்க்டாப்ல போட்டவங்களுக்கு சாதாரண அப்டேட்லயே கர்னல் மேல மேல ஏறும். 5.19, 6.2, 6.5னு ஏறி 2024 ஆகஸ்டுல 6.8. அன்னிக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி. தங்கச்சிக்கு மறுநாள் காலைல 10 மணிக்கு ஒரு கம்பெனியோட ஆன்லைன் தேர்வு. ஃபைனல் இயர் முடிச்சு நாலு மாசம், வந்த முதல் நல்ல கால் அது. "லேப்டாப் ரெடியா இருக்கான்னு பாத்துக் குடுண்ணா"ன்னா. நான் என்ன பண்ணியிருக்கணும்? சார்ஜ் போட்டுட்டுத் தூங்கியிருக்கணும். ஆனா நாங்கதான் இன்ஜினியராச்சே. முன்னூத்தி சொச்சம் அப்டேட் பாக்கி இருக்குறதப் பாத்ததும் கை அரிக்குது. போட்டேன். திரையில எழுத்து ஓடிச்சு, நடுவுல செவப்பா ஏதோ ஓடிச்சு, நான் மொபைல்ல கிரிக்கெட் பாத்துக்கிட்டிருந்தேன். ரீஸ்டார்ட் பண்ணேன், வைஃபை வந்துச்சு, ஒரு யூடியூப் வீடியோ ஓட்டிப் பாத்தேன், சூப்பர். மூடி வச்சுட்டேன்.

ஆபீஸ்ல வெள்ளிக்கிழமை சாயங்காலம் புரொடக்‌ஷன்ல கைய வைக்கக்கூடாதுன்னு நாலு ஜூனியர் பசங்களுக்கு வகுப்பெடுத்தவன் நான். அவ்வ்வ்வ்.

சனிக்கிழமை காலை. கேமரா கண்காணிப்பெல்லாம் இல்லாத சாதாரண தேர்வு. பக்கம் திறக்கும், ஒரு பகுதிக்கு 30 நிமிஷம், முடிச்சு அனுப்புனா அடுத்த பகுதி. முதல் பகுதி நல்லா போச்சு. ரெண்டாவது கணக்கு, தாள்ல போட்டுப் பாத்துட்டு பதிலைத் தட்டணும். அவ ரெண்டு மூணு நிமிஷம் தாள்ல கணக்கு போட்டுட்டு வந்து தட்டினா, சுத்திக்கிட்டே நிக்குது. வைஃபை சின்னம் முழுசா இருக்கு. நெட்டு இல்ல. "அண்ணா!"ன்னு ஒரு சத்தம். நான் பல் தேச்ச வாயோட ஓடினேன். வைஃபைய அணைச்சுப் போட்டேன், வந்துச்சு. நாலு நிமிஷம் போச்சு. திரும்ப கணக்கு, திரும்ப நின்னுச்சு. இந்தத் தடவை என் மொபைல் ஹாட்ஸ்பாட்டைக் கொடுத்தேன். அந்தப் பக்கம், நீ ஏற்கனவே வேற இடத்துலேர்ந்து உள்ள இருக்கேன்னு சொல்லி வெளில தள்ளிடுச்சு. மேல ஓரத்துல கடிகாரம் மட்டும் ஓடிக்கிட்டிருந்துச்சு.

மெயில் போட்டோம். பதில் வரல.

அவ திட்டியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும். தாளை மடிச்சு வச்சுட்டு அடுப்படிக்குப் போய் அம்மாவுக்கு வெங்காயம் உரிச்சுக் கொடுத்தா. மத்தியானம் சாப்பிடும்போது சாதாரணமா சொன்னா: "நான் சும்மா இருக்கும்போதுதான் போகுதுண்ணா. ஏதாவது பண்ணிக்கிட்டே இருந்தா போகல."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நெட்டுக்கு நீ சும்மா இருக்கியா வேலை செய்யுறியான்னு எப்படி மா தெரியும்?"

தெரியும்ங்கறது எனக்குத் தெரிய அஞ்சு நாளாச்சு.

சாயங்காலம் லேப்டாப்பை எடுத்து உக்காந்தேன். ஸ்பீடு டெஸ்ட் போட்டேன். 90க்கு மேல வருது. திரும்பப் போட்டேன், திரும்ப 90. தங்கச்சியைக் கூப்பிட்டு "பாரு, பொட்டில ஒண்ணும் இல்ல, நெட்டு சப்ளைதான் அப்ப போயிருக்கும்"னு காட்டினேன். அவ பாத்தா, ஒண்ணும் சொல்லாம போயிட்டா. ஒரு மணி நேரம் கழிச்சு அதே லேப்டாப்ல ஒரு பக்கத்தைத் திறக்க முயற்சி பண்ணி, என் முன்னாடியே அது செத்து நின்னுச்சு.

அடுத்த ரெண்டு நாள் நான் சந்தேகப்பட்ட ஆளுங்க பட்டியல் பெருசு. முதல்ல பக்கத்து வீட்டு வைஃபைங்க. எங்க தெருவுல வீட்டுக்கு வீடு சுவர் ஒண்ணு, 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஒண்ணோட ஒண்ணு உரசாத சேனல்னு பாத்தா 1, 6, 11 மூணுதான், ஸ்கேன் பண்ணா இருபது பேர் தெரியுறாங்க. சேனல் மாத்தினேன். பிரயோஜனம் இல்ல. அடுத்து எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல துறைமுகத்துக்கு வரிசையில நிக்குற கன்டெய்னர் லாரிங்க. இரும்புப் பொட்டி, சிக்னலை மறைக்குமேன்னு. ரவுட்டரும் லேப்டாப்பும் ஒரே ரூம்ல இருக்கு, லாரி ரோட்டுல இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல லாரி எப்படிப்பா வரும்னு யோசிக்கக்கூட எனக்குத் தோணல.

இதையெல்லாம் தூக்கி சாப்பிடுறது ராடார் தியரி. 5 கிகாஹெர்ட்ஸ்ல சில சேனல்ங்க ராடாரோட பங்கு போட்டுக்குற சேனல்ங்க. அந்தப் பக்கம் ராடார் சத்தம் கேட்டா ரவுட்டர் 10 செகண்டுக்குள்ள சேனலைக் காலி பண்ணிட்டு ஓடணும், 30 நிமிஷம் திரும்பி வரக்கூடாதுன்னு பல நாடுகள்ல விதி இருக்கு. இதைப் படிச்சதும் எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. எங்க மொட்டை மாடிலேர்ந்து பாத்தா கடல்ல நங்கூரம் போட்டு நிக்குற கப்பல்ங்க தெரியும், ராத்திரில தனி ஊரு மாதிரி விளக்கு. தெக்கே துறைமுகத்துல வானிலைத் துறை 2002ல வச்ச டாப்ளர் ராடார் வேற. அடடா, கேஸை முடிச்சுட்டோம்டான்னு நினைச்சேன். மாடில போய் கப்பல்ங்களை எண்ணினேன். உண்மையாவே எண்ணினேன். 14.

அப்புறம் ஒழுங்கா படிச்சுப் பாத்தா, கப்பல் ராடாருங்க 3 கிகா பக்கமும் 9 கிகா பக்கமும் வேலை செய்யுது. துறைமுகத்து ராடார் எஸ்-பேண்டு, அதுவும் 3க்குப் பக்கம். எங்க வீட்டு வைஃபை அது எதுக்கும் குறுக்க வரல. போதாக்குறைக்கு லேப்டாப் நின்னது 2.4லயும் நின்னுச்சு.

மூணாவது நாள் அப்பா உள்ள வந்தார். எங்க ஊரு பத்தி தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், சங்கு சத்தத்துல எழுந்திரிச்ச ஊரு. லேலண்டு, எம்ஆர்எஃப், என்ஃபீல்டுன்னு பெரிய பேருங்க. அப்பா அந்தப் பெரிய பேரு எதுலயும் இல்ல. அவங்களுக்கு சாமான் செஞ்சு கொடுக்குற ஒரு சின்ன கம்பெனில 31 வருஷம் ஃபிட்டர். கம்ப்யூட்டர் பத்தி ஒண்ணும் தெரியாது, ரிப்பேர் பத்தி எல்லாம் தெரியும். முதல் வேலையா உப்புக்காத்து மேல கையக் காட்டினார். "இந்த ஊரு காத்துல இரும்பு கேட்டே ரெண்டு வருஷத்துல பொடியாவுது. உன் பொட்டி இன்னா சாமியாராடா?" நியாயம்தான். பின்பக்க மூடிய கழட்டி, வைஃபை அட்டைல மாட்டியிருக்குற ஆன்டெனா ஒயரைப் பிடுங்கி, நுனியத் துடைச்சு, திரும்ப அழுத்தி மாட்டினோம். கொஞ்சம் பச்சை பூத்துதான் இருந்துச்சு. சிக்னல் ஒரு கோடு ஏறுச்சு. நெட்டு போறது நிக்கல.

"ரூட்டர மாத்திடலாம்ப்பா"ன்னேன்.

"உங்கம்மா ஃபோனு வேல செய்யுதா?"

"செய்யுது."

"எல்லார் ஃபோனும்?"

"ம்."

"அப்ப ரூட்டர் உனக்கு இன்னா பாவம் பண்ணுச்சு?"

பதில் சொல்ல முடியல. நாலு வருஷமா ஓடின பொட்டி, நான் அப்டேட் போட்ட மறுநாள் நிக்குது. சின்னப்புள்ள கூட அப்டேட்டைத்தான் கை காட்டும். நான் லாரி, கப்பல், பக்கத்து வீடுன்னு ஊரையே சுத்தினதுக்கு ஒரே காரணம், அது நான் பண்ணினதா இருந்துடக் கூடாதுன்னு உள்ளுக்குள்ள ஒரு ஆசை. இதை இப்ப எழுதும்போது சுலபமா இருக்கு.

அப்பா தன் கம்பெனிக் கதை ஒண்ணு சொன்னார். அங்க ஒரு ஏர் கம்ப்ரஸர். லோடுல ஓடும்போது கல்லு மாதிரி ஓடும். டீ டைம்ல எல்லாரும் மிஷினை விட்டுட்டுப் போவாங்க, கம்ப்ரஸர் காத்துக் கொடுக்குற வேலை இல்லாம சும்மா சுத்தும். திரும்பி வந்து வேலைய ஆரம்பிச்சா டிரிப் ஆகும். சர்வீஸ்காரர் வருவாராம், அரை மணி நேரம் முழு லோடுல ஓட்டிக் காட்டி "நல்லாத்தானே கீது"ன்னு கையெழுத்து வாங்கிட்டுப் போவாராம். மூணு தடவை அப்படி. கடைசில அப்பாதான் ஒரு நோட்டுல எப்பெப்ப நிக்குது, அப்ப யார் என்ன பண்ணிக்கிட்டிருந்தாங்கன்னு எழுதி வச்சிருக்கார். பத்து நாள்ல வால்வுதான்னு தெரிஞ்சுபோச்சு. லோடு ஏத்தி இறக்குற வால்வு பாதில மாட்டிக்கிட்டு நின்னிருக்கு.

"நீ அத்த ஓட்டி ஓட்டியே பாக்குற. அது ஓடும்போது நிக்கலன்னு பாப்பா சொல்லிச்சு இல்ல?"

தங்கச்சி பக்கத்துலதான் இருந்தா. என்னைப் பாக்கவே இல்ல.

அவ கைலயே ஒரு நோட்டைக் கொடுத்தோம். ரெண்டு நாள். அந்தப் பக்கத்தை மொபைல்ல படம் எடுத்து இன்னும் வச்சிருக்கேன். காலை 10.40, பாடம் படிச்சுக்கிட்டிருந்தேன், அடுத்த பக்கம் தட்டினா வரல. 11.25, சாமான் விளக்கப் போயிட்டு வந்தேன், இல்ல. மதியம் 2.10லேர்ந்து 4.30 வரை படம் பாத்தேன், ஒண்ணும் ஆகல. 5.05, யோசிச்சுக்கிட்டிருந்தேன், போச்சு. இப்படி 7 தடவை. ஓட்டும்போது ஒண்ணுகூட இல்ல. என் ஸ்பீடு டெஸ்ட்டு என்ன பண்ணும்? பொட்டியைப் போட்டு ஓட்டும். எந்த நிலைமைல பழுது வராதோ அந்த நிலைமைல வச்சு நான் அம்பது தடவை சோதிச்சிருக்கேன்.

நோட்டைப் பக்கத்துல வச்சுக்கிட்டு கர்னல் லாக்கைத் திறந்தேன். 7 நேரத்துக்கும் வரி இருந்துச்சு. "ஃபர்ம்வேர் ஃபெயில்டு டு லீவ் எல்பிஎஸ் ஸ்டேட்". ஆனா எல்லாமே நோட்டு நேரத்துக்கு ரெண்டு மூணு நிமிஷம் முன்னாடி. அவ கண்டுபிடிக்குறதுக்கு முன்னாடியே அது செத்திருக்கு. அவ தாள்ல கணக்கு போட்டுக்கிட்டிருந்த அந்த ரெண்டு மூணு நிமிஷம்.

எல்பிஎஸ்னா அரைத்தூக்கம்னு வச்சுக்கங்க. பேட்டரிய மிச்சம் பிடிக்க வைஃபை சிப்பு வேலை இல்லாதப்ப தூங்கும். தூங்குறதுக்கு முன்னாடி ரவுட்டர்கிட்ட "கொஞ்சம் கண்ணசர்றேன், எனக்கு ஏதாவது வந்தா எடுத்து வை"ன்னு சொல்லிட்டுத் தூங்கும். ரவுட்டர் செகண்டுக்குப் பத்து தடவை கிட்ட (கணக்கா சொன்னா 102.4 மில்லிசெகண்டுக்கு ஒருதரம்) ஊருக்கே கேக்குற மாதிரி ஒரு குரல் கொடுக்கும், அதுல யார் யாருக்கு சரக்கு வந்திருக்குன்னு இருக்கும். சிப்பு அந்தக் குரலுக்கு மட்டும் காதைத் திறந்து கேட்டுட்டு, தன் பேர் இருந்தா எழுந்து வாங்கிக்கும்.

எக்ஸ்பிரஸ் ரோட்டுல லாரி வரிசையப் பாத்தவங்களுக்கு இது சுலபமா புரியும். துறைமுக கேட்டு திறக்குற வரைக்கும் டிரைவர் ஸ்டியரிங் மேலயே சாஞ்சு தூங்குவார். முன்னாடி வண்டி நகர்ந்ததும் கிளீனர் தட்டி எழுப்புவார், வண்டி பத்தடி நகரும், திரும்ப தூக்கம். ஒழுங்கா நடந்தா யாருக்கும் நஷ்டமில்ல. தட்டியும் எழுந்திருக்கலன்னு வைங்க, பின்னாடி மொத்த வரிசையும் ஹாரன் அடிக்கும். வண்டில விளக்கு எரியுது, எஞ்சின் ஓடுது, டிரைவர் சீட்டுல ஆள் இருக்கு. வெளிலேர்ந்து பாத்தா எல்லாம் சரி. எங்க வைஃபை சின்னம் முழுசா காட்டினது அந்த மாதிரிதான்.

படம் பாக்கும்போது ஏன் போகலன்னும் இப்ப புரியும். டேட்டா வந்துக்கிட்டே இருந்தா சிப்பு தூங்கப் போகாது.

பழைய வெளி டிரைவர் இருந்த வரைக்கும் எங்க பொட்டில இந்தத் தொல்லை இல்ல. 6.8க்கு அந்த சட்டையத் தைக்க முடியாம தையல்காரர் கைய விரிச்சிருக்கார், அதுதான் நான் கிரிக்கெட் பாத்தப்ப ஓடின செவப்பு எழுத்து. சட்டை இல்லாததால கர்னலுக்குள்ள இருந்த டிரைவர் வேலைய எடுத்துக்கிச்சு. அதுவும் நல்ல டிரைவர்தான், ஆயிரக்கணக்கான பொட்டில ஓடுது. இந்தப் பொட்டில அதோட ஆழ்ந்த தூக்கம் ஒத்துக்கல.

சரி, சரி பண்ணினது எப்படின்னு சொல்லணும் இல்ல. நெட்வொர்க் மேனேஜரோட அமைப்புல வைஃபை மின்சேமிப்புன்னு ஒரு வரி, உபுண்டுல அதுக்கு 3னு போட்டிருக்கும், அதாவது சேமி. அதை 2 ஆக்கினா சேமிக்காதே. ஆக்கினேன், ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை போனது ஒண்ணாச்சு. முழுசா நிக்கல. அடுத்து டிரைவருக்கே ரெண்டு கட்டளை: ஆழ்ந்த தூக்கம் வேணாம், சிப்புக்கும் மதர்போர்டுக்கும் நடுவுல இருக்குற பிசிஐ பாதையும் தூங்க வேணாம். பாதைக்கான அந்தத் தூக்கத்துக்குப் பேரு ஏஎஸ்பிஎம். அப்பா சொன்னபடி ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் மாத்தி, ஒரு நாள் விட்டுப் பாத்து, அப்புறம் அடுத்தது. (கட்டளைங்களை இங்க எழுதல. தமிழ் எழுத்துல எழுதுனா உங்களுக்கும் புரியாது, பொட்டிக்கும் புரியாது. கர்னல் பேரும் சிப்பு பேரும் போட்டுத் தேடுங்க, வந்து விழும்.)

கடைசி சோதனை, லேப்டாப்பை சும்மா வைக்குறது. ராத்திரி 11லேர்ந்து காலை 6 வரைக்கும் 10 செகண்டுக்கு ஒரு தரம் ரவுட்டரைக் கூப்பிடச் சொல்லி விட்டேன். 2520 தடவைல 4 மட்டும் பதில் வரல. லாக்குல அந்த வரி ஒண்ணுகூட இல்ல. பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்குது, இறங்கட்டும்.

எல்லாம் முடிஞ்ச பிறகு எனக்கு உறைச்ச ஒண்ணு இருக்கு, அதுதான் இன்னிக்கும் குத்துது. உபுண்டு கர்னலை மாத்தும்போது பழசைத் தூக்கிப் போடாது. பொட்டி எழுந்திரிக்கும்போது கிரப் மெனுவுல போய் பழைய 6.5ஐத் தேர்ந்தெடுத்தா, பழைய சட்டையோட பழைய டிரைவர் அப்படியே இருந்திருக்கும். ரெண்டு நிமிஷ வேலை. அன்னிக்குக் காலைல 9 மணிக்கு, தேர்வுக்கு முன்னாடி பத்து நிமிஷம் பொட்டியை சும்மா வச்சுப் பாத்திருந்தா, 9.15க்கு எல்லாம் சரியாகியிருக்கும். உங்க வீட்டுலயோ ஆபீஸ்லயோ அப்டேட்டுக்குப் பிறகு ஏதாவது கோளாறுன்னா கப்பலை எண்ணாதீங்க, முதல்ல பழைய கர்னல்ல ஏறிப் பாருங்க. அங்க சரியா இருந்தா பாதி கேஸ் முடிஞ்சுது.

தங்கச்சிகிட்ட ராத்திரி போய் உக்காந்தேன். லாரி டிரைவர் கதையெல்லாம் சொல்லி, படம் போட்டு விளக்கினேன். பொறுமையா கேட்டா.

"அதாவது நான் சும்மா இருக்கும்போது அது தூங்கிடுது."

"ஆமா."

"அதத்தானே நான் முதல் நாளே சொன்னேன்?"

"ஆமாம்மா. தப்புதான். அன்னிக்கே கேட்டிருக்கணும்."

"சரி, விடு."

அந்தக் கம்பெனி திரும்பக் கூப்பிடல. மூணு வாரம் கழிச்சு வேற ஒரு இடத்துல தேர்வு வந்துச்சு. வைஃபை சரியாயிடுச்சுன்னு நான் 2520 கணக்கைக் காட்டினேன். அவ கேக்கல. அப்பாவும் அவளும் ரிச்சி ஸ்ட்ரீட் போய் 15 மீட்டர் லேன் கேபிள் வாங்கிட்டு வந்தாங்க. அப்பா கதவு நிலைக்கு மேல ஓட்டி, அடிக்கு ஒரு கிளிப் வச்சு, சுண்ணாம்பு உதிராம ஆணி அடிச்சார். இது நிஜ ஆணி :) அந்தத் தேர்வுலயும் அடுத்ததுலயும் கிடைக்கல, ஆனா நெட்டு போகல. டிசம்பர்ல ஒண்ணு கிடைச்சுது. இப்ப விம்கோ நகர்ல மெட்ரோ ஏறி ஆபீஸ் போயிட்டு வரா.

கேபிள் இன்னும் சுவத்துல இருக்கு. அவ லேப்டாப்புல அப்டேட் பாக்கி எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. கேபிள் மாட்டின அன்னிக்கே அவ லேப்டாப்ல பாஸ்வேர்டை மாத்திட்டா. "ஏதாவது பண்ணணும்னா என்கிட்ட கேளு, நான் தட்டறேன்"னா. ரெகவரி மோடுல போய் அதை மாத்த எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது.

மாத்தல. கேட்டுட்டுத்தான் பண்றேன்.